கரை காத்தலும் உயிர் காத்தலே

(திருவிழா அரங்கில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புறநானூற்றில் கபிலர் பாடிய மிகச் சிறிய பாட்டு ஒன்று உண்டு. அது 118ஆம் பாட்டு. பறம்பின் தலைவனாகிய பாரி இறந்துபட்டான். அவன் நாட்டை நினைந்து வருந்தும் புலவர் அரண்மனையைப் பாடவில்லை. கொடியையும் முரசையும் பாடவில்லை. ஒரு சிறு குளத்தைப் பாடுகின்றார். பாறைகளையும் குன்றுகளையும் இணைத்து, எட்டாம் நாள் திங்களைப் போல வளைத்துக் கட்டப்பெற்ற கரையை உடையது அக்குளம். தெளிந்த நீர் நிறைந்த அக்குளம் உடைகின்றதே என்பதுதான் புலவரின் துயரம்.

முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்தான் என்று போற்றப்படும் அருளாளனின் நாடு அது. அங்கும் காப்பார் இல்லாதபோது கரை நிற்கவில்லை. அருள் எவ்வளவு பெரிதாயினும் கரை அதனால் மட்டும் நில்லாது. நாள்தோறும் அதன்மேல் ஒருவர் கண் இருத்தல் வேண்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்தக் குறிப்பே இவ்வுரைக்கு வித்தாகும்.

பறவைகளுக்கும் பிற உயிர்களுக்கும் உறைவிடமாக விடப்பட்ட சிறு நீர்நிலைகள் இந்நாட்டில் பல உள்ளன. 'உயிர்களுக்கென்று விட்டாயிற்று, இனி அதனைத் தொடலாகாது' என்னும் எண்ணம் நல்லுள்ளம் படைத்தோரிடம் உண்டு. எண்ணம் நல்லது. ஆனால் அந்த நீரைத் தாங்கி நிற்கும் மண்கரை இயற்கை தந்ததன்று, மனிதர் கட்டியது. மனிதர் கட்டியதை மனிதர் கைவிட்டால் அது சிதையும். சிதையும் நாளில், எந்த உயிர்களைக் காக்க எண்ணி அது தொடப்படாமல் விடப்பட்டதோ, அந்த உயிர்களே முதலில் மாயும்.

வேடந்தாங்கல் தரும் பாடம்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலை அறியாதார் சிலரே. தாங்கல் என்னும் சொல் தொண்டை நாட்டு வழக்கில் சிறிய ஏரியைக் குறிக்கும். ஊரின் பெயரிலேயே ஏரி அமைந்துள்ளது. பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். வடகிழக்குப் பருவமழையில் அது நிறைந்ததும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகின்றன. அவற்றுட் பல, நீரின் நடுவே நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இந்தப் பறவைகளைக் காத்தவர்கள் முதலில் அரசினர் அல்லர், ஊர் மக்கள். கும்பினி ஆட்சிக்காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். அதே பிளேஸ்தான் மதுராந்தகம் பெரிய ஏரியின் உடைந்த கரையைச் செப்பனிட முனைந்தவர். பெருமழை இரவில் இராமரும் இலக்குவரும் வில்லேந்தி நின்று அக்கரையைக் காத்ததை அவர் கண்டதாக அவ்வூரில் ஒரு கதை வழங்குகின்றது. ஏரி காத்த இராமர் என்னும் பெயர் அதனால் வந்ததென்பர். கதையைக் கதையாகவே கொண்டாலும் ஓர் உண்மை விளங்கும். கரை உடையுமோ என்று ஓர் ஊர் முழுவதும் கண்விழித்திருந்த இரவுகளின் அச்சமே அக்கதையாயிற்று.

பறவைகள் நீர் நடுவே உள்ள மரத்தைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. கோட்டையைச் சூழ்ந்த அகழி போல நீர் கூட்டைச் சூழ்ந்திருக்கின்றது. காட்டுப்பூனையும் நரியும் நாயும் எளிதில் அணுக மாட்டா. கரை உடைந்து நீர் வடிந்தால் அகழி ஒரே இரவில் வறண்ட தரையாகிவிடும். மரம் இருக்கும், கூடும் இருக்கும், பாதுகாப்பு இராது. மீனும் நீரோடு போய்விடும். பறக்க அறியாத குஞ்சுகளுக்கு அதன்பின் வாழ்வில்லை. அதே நீர் கீழேயுள்ள வயலிலும் தெருவிலும் புகும்போது அங்கு உறங்கும் மக்களுக்கும் கால்நடைக்கும் கேடு சூழும். ஆகவே ஒரு கரை உடைந்தால் மேலும் கீழுமாக இரு பக்கமும் உயிர் மடிகின்றது.

ஊராருக்கும் பறவைக்கும் உள்ள உறவு ஒருபக்க ஈகை அன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகப் பாய்கின்றது. பறவைக்கு ஊர் காவல். ஊருக்குப் பறவை உரம். இவ்விரண்டையும் இணைத்துப் பிடித்திருப்பது மண்கரை ஒன்றே.

சிறுமையின் பேராற்றல்

'சின்னக் குளந்தானே, என்ன செய்துவிடும்' என்பது பலர் வாயிலும் வரும் சொல். கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. ஒரு கனமீட்டர் நீரின் எடை 1,000 கிலோ, அதாவது ஒரு டன். 30 ஹெக்டேர் பரப்பில் சராசரி ஒரு மீட்டர் ஆழம் நீர் நின்றால் அது 3,00,000 டன். மூன்று மீட்டர் ஆழத்தில் கரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் மூன்று டன் விசை அழுத்துகின்றது. இத்தனை சுமையையும் பகலும் இரவும் தாங்குவது வெறும் மண். இரும்பன்று, கல்லன்று.

1977ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் ஜார்ஜியா மாநிலத்து டொக்கோவா என்னும் ஊரில் நிகழ்ந்ததை நினைத்தல் வேண்டும். அங்கு ஓர் அருவிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. உயரம் ஏறத்தாழ 38 அடி. தேக்கிய ஏரியின் பரப்பு ஏறத்தாழ 40 ஏக்கர். வேடந்தாங்கல் ஏரியில் ஏறத்தாழப் பாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிறு மின்னாக்கத்திற்கென்று தொடங்கிய அந்த அணை பின்னர் மண்கரையாக உயர்த்தப்பட்டது. 1957இல் மின்னாக்கம் நின்றது. அதன்பின் அது பயன்தரும் அணை அன்று. அழகிய ஏரி மட்டுமே. பயன் ஒழிந்ததும் பராமரிப்பும் தளர்ந்தது. கரையின் புறச்சரிவு மிகச் செங்குத்தாக இருந்தது, மரங்கள் வளர்ந்திருந்தன. 1973ஆம் ஆண்டின் நிழற்படம் ஒன்றில் அச்சரிவில் மண் சரிந்திருந்த வடு தெரிகின்றது. வடு தெரிந்தது, மருந்து இடப்படவில்லை.

1977 நவம்பர் 6ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு, தொடர்மழைக்குப்பின் அக்கரை உடைந்தது. அருவியின் கீழே ஒரு சமயக் கல்லூரியின் குடியிருப்பு. உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 39 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பின்னர் ஆராய்ந்த குழுவினரால் காரணம் இதுவே என்று ஒன்றைச் சுட்ட இயலவில்லை. செங்குத்தான சரிவின் சறுக்கலும், உள்ளூறிய நீரின் அரிப்பும் சேர்ந்திருக்கலாம் என்றே கூறினர். அதன்பிறகே அந்நாட்டுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், உடைந்தால் உயிருக்குக் கேடு தரத்தக்க தனியார் முதலியோரின் அணைகளை ஆய்வு செய்ய ஆணையிட்டார்.

இதிற் கற்பது யாது? கேடு செய்தது கரையின் பெருமை அன்று. அதன்மேல் கண் இல்லாமை.

கரையின் மூன்று பகைகள்

மண்கரை மூன்று வழிகளில் அழியும். அவற்றை அறிந்தவர் எவரும் கரைமேல் நடக்கும்போது வெறுமனே நடக்கமாட்டார்.

முதலாவது, மேலே வழிதல். ஏரிக்குள் வரும் மிகுநீர் கலங்கல் வழியே வெளியேற வேண்டும். கலங்கல் அடைபட்டாலோ, கரையின் உச்சி ஓரிடத்தில் தாழ்ந்திருந்தாலோ நீர் அந்தத் தாழ்வைத் தேடி வழியும். வழியும் நீர் புறச்சரிவின் மண்ணை அறுத்துக்கொண்டே உள்நோக்கி வரும். தொடக்கத்தில் ஒரு சாண் அகலம். சில நாழிகையில் ஒரு வண்டி நுழையும் அகலம். மாடுகள் ஏறி இறங்கும் தடமும், வண்டி கடக்கும் இடமும் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழ்வதை ஊரார் உணர்வதில்லை.

இரண்டாவது, உள்ளே ஊறுதல். எந்த மண்கரையிலும் சிறிது கசிவு உண்டு. தெளிந்த நீர், ஒரே அளவில், ஆண்டுக்கணக்கில் கசியுமானால் அச்சம் குறைவு. நீர் கலங்கி வந்தால் அது மண்ணைச் சுமந்து வருகின்றது என்பது பொருள். கரைக்குள் ஒரு குழல் உருவாகத் தொடங்கிவிட்டது. மதகின் சுவரை ஒட்டிய மண்ணில் இவ்வகை அரிப்பு மிகுதி. கல்லும் மண்ணும் சேருமிடம் எப்போதும் நலிவுடையது.

மூன்றாவது, சரிதல். நனைந்து கனத்த மண் தன் எடையையே தாங்காமல் சறுக்கும். கரையின் உச்சியில் நீளவாக்கில் வெடிப்பு, புறச்சரிவில் பிதுக்கம், நேராக நின்ற மரம் சாய்ந்திருத்தல் ஆகியவை அதன் முன்குறிகள்.

கரையில் வாழும் உயிர்கள்

இவ்விடத்தில்தான் அருளுடையோர் மனத்தில் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கரையில் மரம் இருக்கின்றது. அதில் பறவை இருக்கின்றது. கரையில் வளை இருக்கின்றது. அதில் எலியோ பெருச்சாளியோ நண்டோ இருக்கின்றது. புற்று இருக்கின்றது, அதில் கரையான் இருக்கின்றது. வளையும் புற்றும் கரையைத் துளைக்கின்றன. தொட்டால் அவ்வுயிர்க்கு ஊறு; தொடாவிட்டால் பல்லுயிர்க்கு ஊறு. ஓரறிவுயிர்க்கும் இரங்கும் மரபில் வந்தோர்க்கு இது சிறிய வினா அன்று.

விடை, செய்யும் காலத்திலும் செய்யும் முறையிலும் உள்ளது.

மரங்களை எடுத்துக்கொள்ளலாம். பறவைக் கூடுகளுட் பெரும்பாலானவை நீரிடை மரங்களில் உள்ளன. அவற்றுக்கும் கரையின் உறுதிக்கும் பகை இல்லை. அவற்றைத் தொட வேண்டியதே இல்லை. இடர் தருவது கரையின் மண்ணிலேயே வேரூன்றும் பெருமரம். புயலில் அது வேரோடு சாய்ந்தால் கரையின் ஒரு பெருங்கட்டியைப் பெயர்த்துக்கொண்டு விழும். பட்டுப்போனாலோ வேர் மக்கி, மண்ணுக்குள் வெற்றுக்குழல்கள் எஞ்சும். நீர் அவற்றில் வழி காணும். ஆதலால் சீமைக்கருவேல் முதலியவற்றைக் கன்றாக இருக்கும்போதே, கூடு கட்டும் முன்னரே களைதல் வேண்டும். விரல் பருமன் உள்ள கன்றைக் களைவதில் எந்தப் பறவையும் வீடிழப்பதில்லை. இருபது ஆண்டு வளரவிட்டுப் பின் வெட்டுவதே கொடுமை. ஏற்கனவே பெருமரமாகிவிட்டதைத் திடீரென வெட்டி வேரை அப்படியே விடுவதும் தவறு. பொறியாளர் பார்த்து, வேர்க்குழியைத் தோண்டிக் களிமண் இட்டு இறுக்க வழி கூறிய பின்னரே கைவைத்தல் தகும். முன்னோர் கரைகளில் பனையை நட்டதற்குக் காரணம் உண்டு. அதன் வேர்கள் பருத்து விரிவன அல்ல. நார் நாராகப் பரவி மண்ணைப் பிடிப்பன. சரிவுகளில் அருகம்புல்லும் வெட்டிவேரும் அதே தொண்டைச் செய்கின்றன. புல் மூடிய கரையில் கசிவும் வெடிப்பும் கண்ணுக்குத் தெரியும். புதர் மூடிய கரையில் தெரியா.

வளைகளை எடுத்துக்கொள்ளலாம். அவற்றை மூடுவதற்கு உரிய காலம் கோடை. நீர் தாழ்ந்து உட்சரிவு வெளிப்படும் நாள்கள். வளை வாயில் உலர்ந்த சருகையோ வைக்கோலையோ தளர்வாக இட்டுவைத்துச் சில நாள் பார்த்தல் வேண்டும். கலையாமல் இருந்தால் அங்கு எவ்வுயிரும் குடியில்லை. கலைந்திருந்தால் உள்ளே உயிர் உண்டு. அது வெளியேறும் வரை பொறுத்தல் வேண்டும். குட்டி ஈன்றிருந்தால் மேலும் பொறுத்தல் வேண்டும். வெறுமையானதை உறுதி செய்துகொண்டு, வளையின் இறுதிவரை தோண்டி, ஈரக் களிமண்ணை அரையடி அரையடியாக இட்டு இடித்து நிரப்ப வேண்டும். வாயை மட்டும் ஒரு கல்லால் அடைப்பது உயிருக்கும் கேடு, கரைக்கும் கேடு: உள்ளிருப்பது மூச்சடைத்து மடியும், துளை அப்படியே இருக்கும்.

கரையான் புற்றில் ஊறே இன்றிச் செய்யவல்ல வழி இல்லை என்பதை மறைத்தல் ஆகாது. அங்கும் புற்று சிறிதாக இருக்கும்போதே காண்பவர் செய்யும் ஊறு சிறிது. ஆண்டுக்கணக்கில் காணாதவர் செய்ய நேரும் ஊறு பெரிது. ஊறு முற்றும் தவிர்க்க இயலாத இடத்தில் அதனைச் சுருக்குவது காலத்தே காணும் விழிப்பு ஒன்றே. கொல்லாமையை உயிராகப் பேணியோர் மறவியையும் குற்றமாக எண்ணியதன் ஆழம் ஏரிக்கரையில் நின்று பார்த்தால் விளங்கும். நடக்கும்போது நிலம் நோக்கி நடப்பது, நீரை வடிகட்டிப் பருகுவது ஆகியவற்றின் உட்பொருள் செயலின்மை அன்று, கருத்துடைய செயல். கரையை நோக்கி நடப்பதும் அவ்வகையைச் சேர்ந்ததே.

கலங்கலை அடைத்தல் என்னும் பிழை

நல்லெண்ணத்தாலும் சிறு ஆசையாலும் நிகழும் மற்றொரு பிழை கலங்கலை அடைப்பது. மீன் ஓடிவிடாமல் இருக்க அங்கு வலையும் முள்ளும் கட்டுவர். பறவைகளுக்கு நீர் நெடுநாள் நிற்கட்டும் என்று மணல்மூட்டை அடுக்கி மட்டத்தை உயர்த்துவர்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஜான்ஸ்டவுனுக்கு மேலே இருந்த சவுத் ஃபோர்க் அணை இதற்குச் சான்று. அது சிறு அணை அன்று. 72 அடி உயரமுடையது. செல்வர் சிலரின் மீன்பிடி, வேட்டைக் கழகம் அதனைத் தம் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தது. நீரை அடியிலிருந்து வடிக்கும் இரும்புக் குழாய்கள் முன்னரே அகற்றப்பட்டிருந்தன, மீண்டும் வைக்கப்படவில்லை. மேலே வண்டிகள் எதிரெதிர் செல்லும்படி கரையின் உச்சி தாழ்த்தப்பட்டது. வளர்த்த மீன்கள் தப்பாதிருக்க மிகுநீர் வழியில் வலைத்தட்டிகள் பொருத்தப்பட்டன. 1889 மே 31ஆம் நாள் பெருமழையில் அத்தட்டிகளில் மரமும் சருகும் அடைத்துக்கொண்டன. நீர் கரைக்கு மேல் வழிந்தது, கரை உடைந்தது. மாண்டவர் 2,209 பேர். வடிகுழாய், கரையுச்சி, மிகுநீர் வழி என மூன்று காவல்களும் ஒவ்வொன்றாக, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணம் கூறி அகற்றப்பட்டன. ஒவ்வொரு முறையும் அது சிறு மாற்றமாகவே தோன்றியிருக்கும்.

கலங்கல் ஏரியின் மூச்சுவழி. அதனை உயர்த்துவதோ குறுக்குவதோ ஊரார் தம் விருப்பால் செய்யத்தக்கதன்று. பறவைக்கு நீர் போதவில்லையெனில், ஏரியைத் தூர்வாரி ஆழப்படுத்துவதும் வரத்துக் கால்வாயைச் சீராக்குவதும் வழிகளாகும்.

காப்போர் யார்?

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கு உரியது; 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுள் சில வரையறைக்கு உட்பட்டவற்றுக்கும் உரியது. தமிழகத்தின் பல்லாயிரம் ஏரிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் கரைகள் அவ்வளவு உயரமுடையன அல்ல. பெரிய அணைக்குச் சட்டத்தின் கண் உண்டு. சிறு கரைக்கு ஊரின் கண்ணே காவல்.

இது புதிதன்று. வேடந்தாங்கல் இருக்கும் அதே தொண்டை நாட்டு உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்திற்கு உறுப்பினர் அறுவரைக் குடவோலையால் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. அவர்கள் பொறுப்பு 360 நாள். ஏரியைக் காப்பது மழைக்காலப் பணி அன்று, ஆண்டு முழுவதற்குமான பணி என்பதை அவ்வெண்ணே காட்டும். பின்னாளிலும் நீர்க்கட்டி, கம்புகட்டி, மடையன் என ஊருக்கு ஊர் பெயர் மாறினும், கரையை அறிந்த ஒருவர் இருந்தார். எந்த இடத்தில் கசியும், எந்த வளை புதிது, எந்தப் பலகை உளுத்தது என்பன அவருக்குத் தெரியும். குடிமராமத்தில் வீட்டுக்கு ஒருவர் கூடையோடு வந்தனர். ஆழ்துளைக் கிணறு வந்தபின் ஏரியை நம்பும் தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் கண்ணும் குறைந்தது. டொக்கோவாவில் மின்னாக்கம் நின்றபின் நிகழ்ந்ததும் இதுவே.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் ஏரிப் பாசன நிலமுடைய குடும்பங்கள் இவ்வவையில் பல. பிள்ளைகள் நகரங்களில் வாழ்ந்தாலும் ஏரி ஊரில்தான் இருக்கின்றது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்க்கும் கரையின்மீது கடமை நீங்கிவிடவில்லை.

செய்யத்தக்கவை

மழைக்கு முன்னர், ஆவணியில், கரை முழுவதையும் இருவர் சேர்ந்து ஒருமுறை நடத்தல் வேண்டும்: ஒருவர் உச்சியில், ஒருவர் புறச்சரிவின் அடியில். தாழ்ந்த இடம், வெடிப்பு, வளை, பெயர்ந்த உட்சரிவுக் கல், கலங்கலில் அடைப்பு, மதகுப் பலகையின் நிலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். அதே இடங்களை அடுத்த ஆண்டும் பார்த்து ஒப்பிடுதல் வேண்டும். ஒரு கைப்பேசிப் படம், நாளும் இடமும் குறித்து வைத்தால், பத்து ஆண்டுக்குப்பின் அது பெருஞ்சான்று.

பழுது நீக்கும் பணியைக் குஞ்சுகள் பறந்து சென்றபின், வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையே முடித்தல் வேண்டும். சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடமாயின் வனத்துறையின் இசைவு வேண்டும். ஏனைய ஏரியாயின் அதற்குரிய நீர்வளத்துறை அல்லது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் இசைவு வேண்டும். நற்பணி செய்வோரும் கேளாமல் மண்வெட்டி எடுத்தல் கூடாது.

மழைக்காலத்தில் ஏரி நிறைந்தபின் நாள்தோறும் பார்வை வேண்டும். புறச்சரிவின் அடியில் கலங்கிய நீர் ஊற்றாகக் கிளம்பினால், வெளிப்பக்கத்தில் களிமண்ணை அப்பி அதனை அடைக்க முயலுதல் பெரும்பிழை. அடைத்த நீர் வேறு வழி தேடி உள்ளேயே அரிக்கும். ஊற்றைச் சுற்றி வட்டமாக மணல்மூட்டை அடுக்கி நீரைச் சிறிது உயரவிட்டால் அதன் விசை தணியும். நீர் வெளியேறலாம், மண் வெளியேறலாகாது என்பதே நெறி. அதே நேரத்தில் உரிய பொறியாளருக்கும் வருவாய்த் துறையினர்க்கும் அறிவித்து, அவர் சொற்படி மதகைத் திறந்து மட்டத்தைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர், கீழேயுள்ள குடியிருப்பில் கதவைத் தட்டி மக்களை மேட்டுக்கு அனுப்புதல் வேண்டும். கரையை மீண்டும் கட்டலாம்.

கீழே எந்தெந்த வீடுகள் நீர்வழியில் உள்ளன, அங்கு முதியோரும் நோயுற்றோரும் யார் யார் என்னும் பட்டியல் ஒன்று ஊரில் இருத்தல் நன்று. அப்பட்டியலை எழுத ஒரு பிற்பகல் போதும்.

அவையோரே, சிற்றுயிர்க்கு நீர் வைப்பதும், பறவைக்கு இரை தூவுவதும் நல்லறங்கள். ஒரு சிறு குளத்தின் கரைமேல் ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பேட்டோடு நடப்பதும் அவற்றோடு ஒத்த அறமே. அதற்குப் பெரும்பொருள் வேண்டா, பெயர்ப்பலகை வேண்டா. கபிலர் கண்ட குளத்துக்குக் காப்பார் இல்லாமற் போயினர். இவ்வாண்டு மழைக்கு முன், தம் தம் ஊர்க் கரையில் இருவரேனும் நடந்து பார்ப்பாராயின், இந்நாட்டுக் குளங்களைப் பற்றி அவ்வாறு ஒரு பாட்டு எழ வேண்டியிராது.